நூற்றுக்கு நூற்றுப் பதினேழு

என் மனைவி கடைசித் தேர்வில் நூற்றுக்கு நூற்றுப் பதினேழு வாங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னவன் நான்தான். மகளும் கூட இருந்தாள். ஆனால் பழியைப் பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் கட்டுவது நன்றாக இருக்காது. என் பேரிலேயே இருக்கட்டும்.

என் மனைவி ஒரு பெரிய பேக்கரியில் மாவு பிசையும் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். விடியற்காலை நான்கு மணிக்கு ஷிப்ட் ஆரம்பம். மூன்றரைக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். நான் கண் விழிக்கும்போது பக்கத்துத் தலையணை ஜில்லென்று கிடக்கும். எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதிக்கொடுக்கிற வேலை. கடையை மூடிவிட்டு நான் வீடு திரும்பும் நேரத்தில் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். "சாப்பிட்டீங்களா?" "ம்." "கதவைப் பூட்டிட்டீங்களா?" "ம்." எங்கள் இல்லற வாழ்க்கையின் வசனம் பெரும்பாலும் இவ்வளவுதான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. காலையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும் என்பதுதான் என் பெரிய ஆசை. ஐம்பதை நெருங்குகிற ஆள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

இந்த நிலையில் அவர்கள் பிரிவின் பொறுப்பாளர் ஓய்வு பெறப்போவதாகச் செய்தி வந்தது. பொறுப்பாளருக்குக் காலை ஒன்பது மணிக்குத்தான் வேலை. முதலாளிக்கு இவள்மேல் நல்ல அபிப்பிராயம். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் உணவுப் பாதுகாப்புப் படிப்பு முடித்து, குறைந்தது 'பி' கிரேடு வாங்கியிருக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒரு விதி. நாற்பத்திரண்டு வயதில் இவள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாரத்தில் இரண்டு மதியம் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள்.

வீட்டுப்பாடங்களில் இருபதுக்குப் பதினாறு வந்தது. நடுத் தேர்வில்தான் சறுக்கிவிட்டாள். அன்றைக்கென்று ஒருத்தி லீவு போட, இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து, கேள்வித்தாள் மேலேயே கண் அசந்துவிட்டாள். ஐம்பதுக்கு இருபத்தேழு. இறுதிக் கணக்கில் வீட்டுப்பாடத்துக்கு இருபது பங்கு, நடுத் தேர்வுக்கு முப்பது, கடைசித் தேர்வுக்கு ஐம்பது. மொத்தம் எழுபது வந்தால் 'பி'.

"கடைசியில நான் எவ்வளவு வாங்கணும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்," என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே.

நான் பேப்பரும் பேனாவும் தேடுவதற்குள் மகள், "இதுக்கெல்லாம் வெப்சைட் இருக்குப்பா," என்று போனை எடுத்தாள். நான் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். வீட்டுப்பாடம் என்ற கட்டத்தில் பதினாறு. நடுத் தேர்வு என்ற கட்டத்தில் இருபத்தேழு. பங்குகள், இலக்கு எல்லாம் வரிசையாகப் போட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, "ம், அடி," என்றேன். பட்டனை அழுத்தினாள்.

"நூத்திப்பதினேழு," என்று நான் படித்துவிட்டேன். படித்த பிறகுதான் படித்தது என்னவென்று மண்டையில் ஏறியது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். இவள் மட்டும் ஒரு தலையணை உறையை உதறி நான்காக மடித்தாள்.

"நூத்திப்பதினேழா? கொஞ்சம் கஷ்டம்தான். சரி, பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் துணிக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பேக்கரிக்காரர்களின் சதவீதமே தனி. எவ்வளவு மாவு எடுத்தாலும் அதை நூறு என்று வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் அறுபத்திரண்டு, சர்க்கரை எட்டு, வெண்ணெய் ஆறு, உப்பு இரண்டு, ஈஸ்ட் இரண்டு என்று மற்றதெல்லாம் அந்த மாவுக்குத் தகுந்த அளவு. கூட்டினால் நூற்று எண்பது வரும். அவள் அந்த வேலையில் சேர்ந்த புதிதில் இதற்காகவே நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். "நூத்துக்கு மேல எப்படிடி சதவீதம் வரும்?" என்று நான் கத்த, "வராமலா இப்ப ரெண்டு பன்னை முழுங்கினீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். பதில் சொல்ல என் வாயில் இடமில்லை.

ஆக, உலகத்தில் எல்லாருக்கும் நூற்றுப் பதினேழு என்றால் 'நடக்காது' என்று அர்த்தம். இவளுக்கு அது ஒரு அளவு. கொஞ்சம் கூடுதலான அளவு, அவ்வளவுதான்.

சமையலறையில் அப்பனும் மகளும் குசுகுசுவென்று மாநாடு போட்டோம்.

"அப்பா, அம்மாவுக்குப் புரியலைப்பா."

"நீ போய்ப் பக்குவமா சொல்லு."

"நான் எதுக்கு? நீங்கதானே கட்டிக்கிட்டீங்க."

நியாயம்தான். ஆனால் தைரியம் வரவில்லை. சும்மா நின்றால் மனசு அரிக்கிறதே என்று, தொட்டியில் கிடந்த பாத்திரங்களை எடுத்துக் கழுவினேன்.

மறுநாளிலிருந்து மூன்று முறை முயன்றேன். முதல் முறை, "இங்க பாரு..." என்று ஆரம்பித்தேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அஞ்சு டிகிரிக்குக் கீழ, அறுபது டிகிரிக்கு மேல. நடுவுல வெச்சா கிருமி பெருகும்," என்று முணுமுணுத்தாள். "டீ வேணுமான்னு கேட்க வந்தேன்," என்றேன். இரண்டாவது முறையும் டீயில் போய் முடிந்தது. மூன்றாவது முறை அவளே, "டீயா? வைங்க," என்றுவிட்டாள்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. கடையில் சொல்லிவிட்டு ஆறு மணிக்கே வீடு திரும்பினேன். சமையல் என் பொறுப்பு. முதல் வாரம் தீய்ந்தது, இரண்டாவது வாரம் சாப்பிட முடிந்தது, மூன்றாவது வாரம் மகள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். மகள் டிவியை மூடி வைத்துவிட்டு அம்மாவுக்குக் கேள்வி கேட்கிற ஆளாக மாறினாள். வீடே ஆபரேஷனுக்கு நாள் குறித்த நோயாளியைச் சுற்றி நடப்பதுபோல் நடந்தது. கேட்டதற்கெல்லாம் அவள் டாண் டாண் என்று பதில் சொல்வாள். அதைக் கேட்கக் கேட்க எனக்குத்தான் பாவமாக இருக்கும். இத்தனை உழைப்பும் வீண்தானே! கடையில் யாருக்காவது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கும்போதுகூட, மனசுக்குள் அவளுக்கான ஆறுதல் வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வன்று மதியம் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். கேட்டுக்குள் நுழையுமுன் திரும்பி, "நூத்திப்பதினேழு வாங்கிட்டு வந்துடறேன்," என்றாள். முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு முடிவு வந்தது. மகள் போனைப் பார்த்து வீல் என்று கத்தினாள். என்னவோ ஏதோ என்று நான் கையில் கரண்டியோடு ஓடினேன்.

"எண்பத்துநாலுப்பா! மொத்தம் எழுபத்துநாலு! பி, பி!"

நான் மனைவியைக் கட்டிப்பிடித்தேன். கரண்டி அவள் முதுகில் இடித்தது. அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. நூற்றுப் பதினேழு வேண்டிய இடத்தில் எண்பத்துநாலு எப்படிப் போதும்? மகிழ்ச்சி ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நூத்திப்பதினேழுங்கிறது யாராலயும் வாங்க முடியாத மார்க். எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லாம மறைச்சுட்டேன்."

இவள் எழுந்துபோய்த் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பேக்கரியில் மாவுக் கலவைக்கு அளவு எழுதுகிற, கோடு போட்ட தாள். தேதி அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி. 'மாவு' என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டு 'கடைசித் தேர்வு – 100' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே 'நடுத் தேர்வு – 60, வீட்டுப்பாடம் – 40'. மொத்தம் 200. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு 76, சுற்றிலும் வட்டம்.

"இருக்கிறதுலயே அதிகம் கடைசித் தேர்வுதான். அதனால அதை மாவுன்னு வெச்சுக்கிட்டேன். மத்த ரெண்டும் அதுக்குத் தகுந்த அளவு. இருநூறுல நூத்திநாப்பது வேணும், அறுபத்துநாலு ஏற்கெனவே கையில இருக்கு. கடைசியில எழுபத்தாறு இருந்தா போதும்," என்றாள். "அந்த வெப்சைட் நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்குது. நீங்க ரெண்டு பேரும் இருபதுக்குப் பதினாறையும் ஐம்பதுக்கு இருபத்தேழையும் அப்படியே தூக்கிப் போட்டீங்க. ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் பரிசோதிக்கிற ஆளு பக்கத்துலயே உட்கார்ந்து 'ம், அடி'ங்கறாரு."

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அசடு வழிந்தேன்.

"அன்னிக்கே தெரியும்னா ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் வெளியே வந்தேன். நீங்க பாத்திரம் கழுவிட்டு இருந்தீங்க." அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல பார்க்காத காட்சி. அதை எதுக்குக் கெடுக்கணும்? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். நாளைக்கு டீ வந்துச்சு."

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுப்பில் ஏதோ தீய்ந்தது, அப்போதும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு அவள் அந்தத் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"எழுபத்தாறு போதும்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல எதுக்குப் படிச்சேன் தெரியுமா? என்னால முடியவே முடியாதுன்னு நீங்க ரெண்டு பேரும் நினைச்சுட்டு இருந்தீங்க. அப்படியும், 'விட்டுடு, எதுக்கு வீணா'ன்னு ஒருத்தர்கூடச் சொல்லலை. முடியாத ஒண்ணுக்கு இவ்வளவு செய்யறாங்களேன்னு இருந்துச்சு. அப்ப முடியறதை நான் எவ்வளவு நல்லாச் செய்யணும்?"

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது பயத்தில். அவள் அதை அன்புக் கணக்கில் எழுதிக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலாவது முறையாக எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அவள் பொறுப்பாளர். காலை ஆறரைக்கு நான் கண் விழித்தபோது பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பிறகு எழுந்துபோய் டீ போட்டு மேஜையில் இரண்டு கப் வைத்தேன். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஜன்னல் வெயில் மேஜைமேல் பாதிவரை வந்திருந்தது. பதினோரு வருடம் நினைத்துக்கொண்டிருந்த டீ. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதனால்தான் பொய்யோடு குடிக்க மனசு வரவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னியே, ஒருத்தர்கூட விட்டுடுன்னு சொல்லலைன்னு. அது உன்மேல நம்பிக்கை வெச்சு இல்லை. சொல்லப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"அதுவும் தெரியும்," என்றாள். "பயந்துக்கிட்டே போட்டாலும் ஒரு மாசம் டீ ஒரு நாள்கூட ஆறி வரலை. எனக்கு அது போதும். நாளைக்கும் நீங்களே போடுங்க."