இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

என் மனைவி ரோவீனா மே மாதம் இறந்தாள். நவம்பர் வரை, அவள் துப்பாக்கி செய்த பட்டறையின் கதவை நான் திறக்கவில்லை.

திறக்க வைத்தவர் டுவெயின். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் அவர் ஒருவர்தான் இடதுகைக்காரர். கோடை முழுக்க, மனைவி வைத்த கோழி சோளச் சூப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அந்த மாதங்களில் நான் சூடாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான். அன்று மட்டும் போகாமல் நின்றார்.

"கேக்கக் கூச்சமா இருக்கு கேலப். அவ கடைசியா ஒரு இடதுகைத் துப்பாக்கி செஞ்சிட்டிருந்தாளே, அது எனக்குத்தான்னு நெனைக்கிறேன். போன வருஷம் விளையாட்டாக் கேட்டிருந்தேன்."

உள்ளே போய்ப் பார்த்தோம். வேலைப் பலகையின் இடுக்கியில் அவள் இறுக்கி வைத்தபடியே துப்பாக்கி இருந்தது. மேப்பிள் மரக்கட்டையில் குழல் பொருந்தி உட்கார்ந்திருந்தது. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் குதிரையும் வெடிமருந்துக் கிண்ணமும் இடது பக்கத்தில் இருந்தன. வலது தோளில் வைத்துச் சுட்டால் கிண்ணத்தின் நெருப்பு முகத்துக்கு வந்துவிடும். சாயம் ஏற்றாத மரம் வெளுத்துக் கிடந்தது.

யாருக்கென்று அவள் சொல்லவில்லை. ஒருமுறை கேட்டபோது, "ஒரு பிடிவாதக்காரருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதை டுவெயினிடம் சொன்னேன்.

"உங்களுடையதுதான்" என்றேன். "மான் வேட்டைப் பருவத்துக்குள்ள முடிச்சுத் தரேன்."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பருவம் அது. பென்சில்வேனியாவில் அப்போது துப்பாக்கிகளில் இந்தச் சக்கிமுக்கிக் கல் வகைக்கு மட்டும்தான் அனுமதி. அவள் கை கடைசியாகப் பட்ட பொருளைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சூப்புக்குத் திருப்பிக் கொடுக்க வேறு எதுவும் என்னிடம் இல்லை.

ரோவீனாவின் அண்ணன் ஹார்லன் சனிக்கிழமைகளில் உதவிக்கு வந்தான். மரத்தை ஈரத்துணியால் துடைத்தோம். எழும்பி நின்ற நார்களை உப்புத்தாளால் இழைத்தோம். மறுபடி துடைத்தோம், மறுபடி இழைத்தோம். அதிகம் பேசவில்லை. பேசாமல் பக்கத்தில் ஒருவன் வேலை செய்வது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சாயம். இரும்பைக் கரைத்த அமிலம் அது. தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு அமிலத்திடம் பயமில்லை. பூசியதும் கட்டை முழுவதும் பாசி பிடித்ததுபோல் பச்சையாகிவிட்டது. என் கை நின்றுவிட்டது.

"கெடுத்துட்டேனா?"

"அவ முதல் துப்பாக்கி பச்சையானப்போ உக்காந்து அழுதா. நீ பரவாயில்ல" என்றான் ஹார்லன். சூடு காட்டும் கருவியை என் கையில் கொடுத்தான். "நிறுத்தாம நகத்திட்டே இரு. ஒரே இடத்துல நின்னா கருகிடும்."

சூடு பட்ட இடத்தில் பச்சை மறைந்து தேன் நிறம் வந்தது. மரத்துக்குள்ளிருந்த புலிவரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மே மாதத்துக்குப் பிறகு நான் ஒரு பொருளை அழகென்று நினைத்தது அன்றுதான். மிச்ச அமிலத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவினோம். உலர்ந்தபின் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து முடித்தோம்.

டிசம்பர் நடுவில் ஒரு காலை டுவெயினைக் கழகத்தின் திடலுக்கு வரச் சொன்னேன். அவர் துப்பாக்கியை வாங்கி இடது தோளில் வைத்தார். இறக்கினார். மறுபடி வைத்தார். கழுத்தை நீட்டினார், சுருக்கினார்.

"என்ன, ஆமை மாதிரி பண்றீங்க?" என்றான் ஹார்லன்.

"கட்ட நீளம்டா. விசைக்கு விரல் எட்டல. குழல் வேற கண்ணுக்கு நேரா வர மாட்டேங்குது." துப்பாக்கியை இறக்கி, கட்டையின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தார். "ரோவீனா அளவு தப்புற ஆளில்ல. இது நீளக் கைக்காரனுக்கு. எனக்கில்ல."

"இடதுகைக்காரர் வேற யாரும் இல்லையே?" என்றேன்.

ஹார்லன் என் நீளக் கைகளைப் பார்த்தான். "கேலப், ரெண்டு கையையும் நீட்டு. நடுவுல சின்ன ஓட்டை விட்டுச் சேத்துப் பிடி. ரெண்டு கண்ணையும் தொறந்து, ஓட்டை வழியா டுவெயின் மூக்கப் பாரு."

பார்த்தேன்.

"டுவெயின், ஓட்டையில எந்தக் கண்ணு தெரியுது?"

"இடது கண்ணு" என்றார் அவர். பிறகு மெதுவாக, "அட முட்டாளே, நீ சுடுறதெல்லாம் ஏன் இடப்பக்கமே போகுதுன்னு நாங்க எத்தன வருஷமா சிரிச்சிருக்கோம்."

இந்த வகைத் துப்பாக்கியில் குறிபார்க்கக் குழலின் பின்பக்கம் இருக்கும் பின்குறி கிடையாது. கண்தான் பின்குறி. நான் வலது கைக்காரன், அதனால் வலது தோளில் வைத்தேன். ஆனால் என் இரண்டு கண்களில் குறி பார்ப்பது இடது கண்; அது அதன் போக்கில் பார்த்துக்கொண்டிருந்தது.

போன குளிர்காலத்தில் சமையலறையில் ரோவீனா என்னை இப்படியே கைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். ஓட்டை வழியாக அவள் மூக்கைப் பார்க்கச் சொன்னாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "சரி, தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

டுவெயின் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். "பிடி, பிடிவாதக்காரா."

இடது தோளில் வைத்தேன். கை கூசியது, ஆனால் கன்னம் தானாகப் போய் மரத்தில் உட்கார்ந்தது. குழலின் முழு நீளமும் கண்ணுக்கு நேராக இருந்தது. மருந்தும் குண்டும் இட்டு, கிண்ணத்தில் மருந்து தூவி, குதிரையைப் பின்னால் இழுத்து, விசையை அழுத்தினேன். பொறி பறந்தது. புகை விலகுமுன்பே, தூரத்தில் இலக்காக வைத்திருந்த இரும்புத் தட்டின் சத்தம் கேட்டது. நடுவில் படவில்லை, ஓரத்தில்தான். ஆனால் பட்டது.

ஹார்லன் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றேன் டுவெயினிடம்.

"எதுக்கு, எனக்குத் துப்பாக்கி கெடைக்காமப் போனதுக்கா?"

"கதவத் தொறக்க வச்சதுக்கு. சூப்புக்கு."

"சூப்பு என் பொண்டாட்டி வைக்கிறது. நான் தூக்கிட்டு வரவன்."

அவருக்கென்று ஒன்று செய்ய, பட்டறையில் இன்னொரு மேப்பிள் கட்டை இருப்பதைச் சொன்னேன். ஹார்லன் வண்டிக்குப் போய் அளவு நாடாவை எடுத்துவந்தான். டுவெயின் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை மடக்கினார். நாடாவின் ஒரு முனையை முழங்கை மடிப்பில் ஹார்லன் பிடித்துக்கொள்ள, மறுமுனையை விரல் வரை நான் இழுத்தேன்.

"குட்டைன்னு சத்தமாச் சொல்லாத" என்றார்.