பதினோரு வருடமும் ஆறு நாளும்

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் கிரேன் அக்கா. பதினோரு வருடமாகக் கன்டெய்னர் தூக்குகிறாள். அன்று களைப்பை அளக்கக் கம்பெனி மாட்டிவிட்ட கைப்பட்டை மறுபடியும் சிவப்பு காட்டித் தொலைத்தது. புதுப் பெரிய கிரேனுக்கு ஆள் எடுக்கும் பட்டியல் மதியம் போகிறது; சிவப்பு என்றால் பெயர் கிடையாது.

அந்தச் சனியன் வந்து நாலு மாதம் ஆகிறது. இரண்டு இதயத் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறைந்துகொண்டே இருந்தால் ஆள் தெளிவாம். அதிகம் மாறாமல் ஓடினால் களைப்பாம். மாதவிலக்குக்கு முந்தின வாரம் அவளுக்கு அந்த மாற்றம் குறைந்துவிடும். உடனே கிரேனிலிருந்து இறக்கி, நட்டு போல்ட்டு எண்ண ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். நாலு மாதமும் இதே கூத்து.

நேரே அந்தப் பட்டியலைப் போடும் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், போன வாரத்தோட ஒப்பிட்டா குறைஞ்சுதான் தெரியும். போன மாசம் இதே நாளோட ஒப்பிட்டுப் பாருங்க."

"இதே நாள்னா?"

"பீரியட்ஸ் வர்றதுக்கு ஆறு நாள் முன்னாடி."

அவர் பார்வை மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மூன்று பெண்களைப் பெற்ற மனுஷன்! ஆனாலும் கணினியைத் தட்டிப் பார்த்தார். நாலு மாதக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அட, ஆமாம்மா! அப்போ மாசாமாசம் ஆறு நாள் களைப்பு நிச்சயம். தேதியைச் சொல்லிடுங்க, முன்கூட்டியே இறக்கிடலாம்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு நேரம் சுவரிடமா பேசினாள்?

"களைப்புன்னு யார் சொன்னா? என் உடம்போட வழக்கமே அதுதான் சார். பட்டை வர்றதுக்கு முன்னாடியும் இந்த ஆறு நாள் வந்துட்டுதான் இருந்துச்சு. அப்பெல்லாம் எதைக் கீழே போட்டேன்? விபத்துப் பதிவேட்டை எடுங்க."

எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவள் பெயர் எங்கேயும் இல்லை. அதற்காக மசிந்துவிடுவாரா?

"எதுக்கும் மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"தாராளமா கேளுங்க! அவங்க பதில் போடறதுக்குள்ள எனக்கு அடுத்த பீரியட்ஸே வந்துடும். அந்தத் தேதியையும் சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

கதவு திறந்தே கிடந்தது. வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் அவசரமாகப் பேனாவை எடுத்துப் பட்டியலின் கடைசியில் அவள் பெயரை எழுதினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா" என்றார்.