மணிக்கட்டில் பார்த்த காய்ச்சல்

என்னால் உட்கார முடியவில்லை. மருத்துவரின் அறையில் நான்கு அடி நடந்தால் சுவர் வந்துவிடுகிறது. திரும்பி நடந்தேன். கட்டிலில் என் ஏழு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். இன்று வால் சுருட்டிக் கிடந்தது. கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

போன மாதம் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா. என்னையும் என் மனைவியையும் பாடாய்ப் படுத்தியது. அவளுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியதோடு சரி. பிள்ளைகளை அது ஒன்றும் செய்யாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

"காய்ச்சல் எத்தனை நாளா?" என்றார் மருத்துவர்.

"இன்னைக்குத்தான் டாக்டர். வெளியில நர்ஸம்மா பார்த்தப்போதான் நூத்தி மூணு காட்டுச்சு."

"நாலு நாளா இருக்கு," என்றாள் என் மனைவி.

மருத்துவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "முடிவாச் சொல்லுங்க. ஒரு நாள்னா மருந்து கொடுத்து அனுப்பிடலாம். நாலு நாள்னா கதையே வேற. கொரோனா வந்துபோன சில பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி ஆரம்பிச்சு இதயம் வரைக்கும் பாதிக்கும். இங்கேயே படுக்க வைக்கணும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தொழிற்சாலை வாசலில் வெப்பமானித் துப்பாக்கியோடு நின்று தினமும் நானூறு பேருக்குக் காய்ச்சல் பார்ப்பவன் நான். என்னிடமே கணக்கா? வீட்டில் பார்த்துக் குறித்து வைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நான்கு நாள், காலை, மாலை, எல்லாம் தொண்ணூற்றேழு.

"இவ தொட்டுப் பார்த்துச் சொல்றா. நான் மெஷின்ல பார்த்தேன்."

"நெத்தியிலதானே பார்த்தீங்க?"

நெற்றியில் இல்லை, மணிக்கட்டில்.

வெயிலில் வரும் ஆட்களுக்கு நெற்றி சுட்டுக்கொண்டிருக்கும், வாசலில் வரிசை தேங்கும் என்று மேற்பார்வையாளர் மணிக்கட்டில் பார்க்கச் சொல்லியிருந்தார். ஒன்றரை வருடமாக அதே வேலை. வீட்டிலும் என் கை தானாக அவள் மணிக்கட்டுக்குத்தான் போனது. நெருப்பாய்க் கொதித்த பிள்ளைக்குக் கை மட்டும் சில்லென்று இருந்தது எனக்கே தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

ஆமாம் என்று தலையாட்டிவிடலாம். மானம் மிஞ்சும். அப்படி ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்வானேன்.

"மணிக்கட்டுல பார்த்தேன் டாக்டர். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. அவ சொல்றதுதான் சரி."

அதன்பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், இதயத்தை ஸ்கேன் செய்தார்கள், உள்ளே கொண்டுபோய் மருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்தார். "இதயத்துல கொஞ்சம் வீக்கம் இருக்கு. சரி பண்ணிடலாம்னு நம்புறேன். இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தா எதுவும் சொல்றதுக்கில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நடந்துகொண்டே இருந்தேன். என் மனைவி பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை. திட்டவில்லை. அது கோபத்தைக் கிளப்பியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"உனக்குத்தான் தெரிஞ்சிருக்குல்ல? முதல் நாளே என்கிட்ட சண்டை போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டேன். நீங்க நம்பரைக் காட்டினீங்க." தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "ரெண்டாம் நாளும் காட்டினீங்க. அப்புறம் என் கையையே நான் நம்பல. மூணாம் நாள் அவளைத் தொட்டே பார்க்கல."