இன்றைய திருப்பம்

உறவினர் அவளுக்கு இட்ட பெயர் சோப்பக்கா. கதவின் கைப்பிடியைத் தொட்டாலும் கை கழுவுவாள். பிறர் வீட்டில் நீட்டிய தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பின்னரே வாயில் வைப்பாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பின்பு தம்ளர் ஆராய்ச்சிக்கு வேலை இல்லாமற் போயிற்று. அளந்து குடிக்கும் தண்ணீர்தான். ஒன்றுவிட்டு ஒருநாள் மருத்துவமனைக்குச் சென்று, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்தாக வேண்டும்.

காரில் அழைத்துச் செல்பவர் அண்ணன். பணி ஓய்வு பெற்றபின் அவர் ஒரு தொண்டு தொடங்கியிருந்தார். வழியில் நேரும் தடங்கல்களிலெல்லாம் தெய்வத்தின் கைகாட்டலைக் கண்டுபிடித்து, அதைக் கைப்பேசியில் பேசிப் பதிந்து, ‘இன்றைய திருப்பம்’ என்ற தலைப்பில் தெரிந்தவர் தெரியாதவர் அனைவருக்கும் அனுப்புவார். ரயில்வே கேட் மூடினால் பொறுமை. டயர் பஞ்சரானால் பணிவு. யாரிடமும் வழி மட்டும் கேட்கமாட்டார். மனிதரிடம் கேட்பது நம்பிக்கைக் குறைவாம்.

சென்ற முறை அத்தகைய திருப்பம் ஒன்றால் தாமதமாகி, இயந்திரத்தில் அவளுக்குரிய நேரம் பாதியாயிற்று. கால்கள் வீங்கின; படுத்தால் மூச்சு முட்டியது. இன்றும் அப்படி நேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

“இன்னைக்கு மட்டும் நேராப் போங்கண்ணே. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“நானாம்மா திருப்பறேன்? அவன் திருப்பறான்.”

பெரிய சாலையின் ஓரத்துச் சந்து முனையில் மஞ்சள் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. ‘மாற்றுப்பாதை’ என்ற எழுத்தும் சந்துக்குள் காட்டும் அம்புக்குறியும் அதில் இருந்தன. அண்ணனின் முகம் மலர்ந்தது.

“அண்ணே, முன்னால லாரி போகுது பாருங்க. ரோடு திறந்துதானே கிடக்கு?”

“எல்லாரும் போற வழி நம்ம வழியில்லைம்மா” என்று சொல்லிக்கொண்டே ஒடித்துத் திருப்பினார்.

அது மீன் சந்தையின் பின்புறம். குடலும் செதிலும் குழைந்த சேற்றில் சக்கரங்கள் சளக்கென்று இறங்கின. அழுகல் நாற்றம் கண்ணாடி இடுக்கு வழியே நுழைந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. கூடைகள் வழியை மறித்தன. அண்ணன் வண்டியை நிறுத்தி, கைப்பேசியை எடுத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

“அன்பர்களே, துர்நாற்றத்தின் நடுவிலும் அவன் நம்மை நடத்துகிறான்...”

சோப்பக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மீன் குடலாலா, அந்தக் குழைந்த குரலாலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ரப்பர் பூட்ஸ் அணிந்த மீன்காரி ஒருத்தி வாளியோடு வந்து நின்றாள். “ஏங்க, வழியை அடைச்சுக்கிட்டு சினிமாவா எடுக்கிறீங்க?”

“பலகை காட்டிச்சும்மா. ஆண்டவன் திருப்பினார், வந்தோம்.”

“அந்த மஞ்சப் பலகையா? ரோடு வேலைக்காரங்க எப்பவோ போட்டுட்டுப் போனது. அங்க சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. யாரும் காலை விட்டுடக் கூடாதேன்னு நான்தான் அந்த ஓட்டையை மறைச்சுத் திருப்பிச் சாத்தி வெச்சேன். ஆண்டவனை ஏங்க வம்புக்கு இழுக்கிறீங்க?”

அண்ணன் அசரவில்லை. கைப்பேசியை அவள் பக்கம் நீட்டினார். “பாருங்கள் அன்பர்களே, இவள் கையையும் அவனே...”

“முதல்ல அதை என் மூஞ்சியை விட்டு எடுய்யா!”

சோப்பக்கா கண்ணாடியை இறக்கினாள். “ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. மூச்சு வாங்குது. எப்படிப் போறது?”

மீன்காரி குனிந்து அவளுடைய கால்களைப் பார்த்தாள். கூடைகளை இழுத்துத் தள்ளி, “வா, வா, ஒடி, இன்னும் ஒடி” என்று காரின் முன்னால் சேற்றில் நடந்தாள். சந்து முடியுமிடத்தில் சோப்பக்காவின் தோளைத் தொட்டுச் சொன்னாள்: “வலது பக்கம் திரும்பினா ஆஸ்பத்திரிப் பின்வாசல் வந்துடும். நல்லபடியா போயிட்டு வாங்கக்கா.”

செதில் ஒட்டிய அந்தக் கை பட்டதும் உடம்பு கூசிச் சுருங்கியது. சுருங்கிய தன் உடம்பின்மீது சோப்பக்காவுக்கு வந்த அருவருப்பு, சந்தின் நாற்றத்தையே விழுங்கிவிட்டது. கடவுள் இன்று வழி காட்டினார் என்றால், கவுச்சி நாறும் இந்தக் கையைக் கொண்டுதான் காட்டினார். வாய் திறந்து கேட்டவுடன் காட்டினார் என்று அவளுக்குத் தோன்றியது.

“இன்னைக்கும் லேட்டாம்மா?” என்றாள் நர்ஸ், ஊசியைப் பொருத்தியவாறே. “அடுத்தவர் காத்திருக்கார். கொஞ்சம் குறைச்சுத்தான் ஓட்ட முடியும். இன்னும் தாமதிச்சிருந்தா அதுவும் கிடைச்சிருக்காது.”

இயந்திரம் ஓடத் தொடங்கியது. அண்ணன் முக்காலியில் அமர்ந்து, அன்றைய பதிவை அவள் முகத்தருகே நீட்டினார். சேறு இருந்தது, அவர் குரல் இருந்தது, அடுத்த கணமே மருத்துவமனையின் பின்வாசல் தெரிந்தது.

“அதுக்குள்ள எத்தனை பேர் பார்த்துட்டாங்க தெரியுமா? பின்வாசலுக்கே கொண்டுவந்து விட்டான் பாத்தியா!”

“அந்த மீன்காரம்மாவை எங்கண்ணே காணோம்?”

“அதை வெட்டிட்டேன்மா. வாய் கொஞ்சம் கரடுமுரடு. தெய்வீகம் கெட்டுடும்.”

உதட்டோரத்து எச்சிலை அவர் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டார். சோப்பக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

“அடுத்த தடவை நீங்க வர வேண்டாம்ண்ணே. நான் பஸ்ல போய்க்கிறேன்.”