அறிவிப்பில் நின்ற பாலம்

ஊரின் நடுவே ஓடும் ஆற்றில், கட்டப்படாத பாலத்தின் மேல் முதன்முதலாக நடந்து அக்கரை சேர்ந்தவர் ரொட்டிக்காரர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் பெட்டியில் இருந்த ரொட்டி சூடு ஆறவில்லை, ஒன்றுகூட நனையவுமில்லை. அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இரண்டு பேர் பேசிக்கொண்டே போனார்கள். அவர்களுக்கும் பின்னால், கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு மாறும் ஒரு குடும்பம். எல்லோர் காலடியிலும் வெறும் காற்றுதான். அதற்குக் கீழே தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். பாலத்துக்குக் கைப்பிடி இல்லை என்ற முதல் புகார் அன்று மத்தியானத்துக்குள்ளேயே நகராட்சிக்கு வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் காரணம் மின்விசிறிகள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் நகராட்சிச் செய்திகளை வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொல்வதுதான் வழக்கம். எந்தத் தெருவுக்கு நாளை தண்ணீர் வராது, எந்தச் சாக்கடை தூர்வாரப்பட்டது, எந்தப் பூங்கா எத்தனை மணிக்கு மூடப்படும் என்பதெல்லாம் ஜனங்களுக்கு அந்த வண்டி சொல்லித்தான் தெரியும். செய்தியைப் படிப்பவளை ஊரே அறிவிப்பு அக்கா என்று கூப்பிட்டது. அவளுக்கு அப்படியொரு குரல். வீட்டு வரியை உயர்த்திய செய்தியைக்கூட அவள் படித்தால், பாவம் அவர்களும் என்ன செய்வார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தக் குரலைப் பதிவுசெய்ய வேண்டுமானால் அலுவலகத்தில் ஓடும் அத்தனை மின்விசிறிகளையும் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கடகடவென்று சத்தம் விழும். வியர்த்து வழிந்துகொண்டு சும்மா உட்கார மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் எவரும் சம்மதிக்கவில்லை. ஆகவே மாதம் பிறந்த அன்றே அந்த மாதம் முழுவதற்குமான செய்திகளை ஒரே மூச்சில் படித்து வைத்துவிடுவாள். இனிமேல் நடக்க வேண்டியதையும் நடந்து முடிந்ததாகவே படிப்பாள். குழி மூடப்பட்டது என்று வண்டி சொல்லும், குழி அங்கேயே இருக்கும், ஜனங்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போவார்கள். அதுவரை அதனால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

பாலத்து வேலையைப் பார்த்தவர் பொறியாளர். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு நாளைக்கு என்றே பெயர். மாதம் பிறந்த அன்று அவர் அக்காவிடம், "கடைசி வாரத்துக்குள்ள முடிஞ்சிரும், தைரியமா படிங்க" என்றார். அவளும் தைரியமாகப் படித்தாள். பத்துப் பதினைந்து நாளில், ஒரு தூண்கூட ஊன்றாமல் ஒப்பந்தக்காரர் ஊரைவிட்டே போய்விட்ட சங்கதி தெரிந்தது. அந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துவிடலாம் என்று அவள் போய்ச் சொன்னாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பொறியாளர். வண்டிக்காரருக்கு இது எதுவும் தெரியாது. குறித்த நாளில் பொத்தானை அழுத்தினார். 'பொதுமக்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, ஆற்றுப் பாலம் கட்டி முடிக்கப்பட்டுத் திறந்துவைக்கப்பட்டுள்ளது, அனைவரும் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று அந்தக் குரல் தெருவெல்லாம் கனிவாகச் சொல்லிக்கொண்டு போனது. ஜனங்களும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சேதி கேட்டு ஆற்றங்கரைக்கு ஓடிவந்த அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தன. பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ கண்கட்டு வித்தை என்று முணுமுணுத்துக்கொண்டு, எல்லோரும் கால் வைத்த அதே இடத்தில் தாமும் கால் வைத்தார். தொபீர் என்று தண்ணீருக்குள் போனார். மேலே போய்க்கொண்டிருந்தவர்கள்தான் அவரைத் துண்டு வீசித் தூக்கிவிட்டார்கள். மறுநாள் நகராட்சியின் குப்பை வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள், அதுவும் முழுகியது. நகராட்சியில் சம்பளம் வாங்கும் ஒருவரையும், நகராட்சிக்குச் சொந்தமான ஒரு பொருளையும் அந்தப் பாலம் தாங்கவில்லை. மற்றபடி யானையே போயிருந்தாலும் தாங்கியிருக்கும். அலுவலகத்து ஆட்கள் மட்டும் பழையபடி ஊரைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள்.

அறிவிப்பு அக்காவுக்கு இருந்தது ஒரே மகள். அக்கரை மருத்துவமனையில் செவிலியாக இருந்தாள். சுற்றுவழியில் தினமும் வந்து போக முடியாது என்று அங்கேயே விடுதியில் தங்கி, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். பாலம் வந்த வாரமே பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆற்றின் மேலேயே. வாசலில் அவளைப் பார்த்த தாய்க்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. எந்த வழியாக வந்தாள் என்று தெரிந்ததும் அந்த அழுகையே வேறு அழுகையாகிவிட்டது.

"அதுல பாலமே இல்லடி. ஒரு கல்லுகூட வைக்கல. நான் சும்மா படிச்சதுடி அது!"

"நீதானேம்மா சொன்ன, கட்டியாச்சுன்னு?"

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன்."

"ஊரே உன் பேச்சை நம்பி நடக்குது. நான் மட்டும் நம்பக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு, மகள் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து மகள் வேலை முடிந்து வரும் சாயங்கால வேளையில் அடுப்பில் எது கருகினாலும் அக்காவுக்குத் தெரியாது. ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, யாரும் பார்க்காத சமயம் கரையோரம் போய் ஒற்றைக் காலை மட்டும் நீட்டி வைத்துப் பார்த்தாள். முழங்கால்வரை நனைந்தது. மகள் தினமும் நடக்கும் இடத்தில் தனக்கு வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்பது அவளை உலுக்கிப் போட்டுவிட்டது. ஆனாலும் மகள் தினமும் வந்தாள், தினமும் பக்கத்தில் படுத்துக்கொண்டு மருத்துவமனைக் கதையெல்லாம் சொன்னாள். போகாதே என்று சொல்லும் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அப்படியே வருஷங்கள் ஓடின. பாலத்தில் இருட்டாக இருக்கிறது என்று ஜனங்கள் மனு கொடுத்தார்கள். பொறியாளர் எழுதிக்கொடுக்க, விளக்கு பொருத்தப்பட்டது என்று அக்கா படித்தாள். அன்று முதல் கம்பமோ விளக்கோ இல்லாமல், ஆற்றின் நடுவே மஞ்சள் வெளிச்சம் மட்டும் வட்ட வட்டமாக விழுந்தது. வெளிச்சம் போதவில்லை என்று அதற்கும் ஒரு மனு வந்தது.

பிறகு புதிய ஆணையர் வந்தார். நேர்மையான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. பொறுப்பேற்ற அன்று ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தவர், கையில் இருந்த டீயை மேசையெல்லாம் கொட்டிவிட்டார். மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு, பாலம் கட்டப்படவே இல்லை, முன்பு சொன்னது தவறு, வருந்துகிறோம் என்று மறுப்புச் செய்தி படிக்க வேண்டும் என்றார்.

"சார், அதுமேல ஜனங்க நடக்கிறாங்க சார். என் பொண்ணு நடக்குது."

"அதனாலதான் சொல்றேன்மா. இல்லாததுமேல எத்தனை நாளைக்கு நடப்பாங்க? ரெண்டு கரையிலயும் காவல் போட்டு, ஒரு ஈ காக்காகூட இல்லன்னு நானே பாத்துட்டு அப்புறமாத்தான் வண்டியை விடச் சொல்வேன். போதுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாதம் பிறந்தது, மின்விசிறிகள் நின்றன, அக்கா மறுப்பைப் படித்தாள். நல்லதை முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று மற்ற செய்திகளை எல்லாம் முதலிலும் இதைக் கடைசியிலும் படித்தாள். மறுப்புக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. நாள் குறிக்காவிட்டால் வண்டியில் இருந்த இயந்திரம் கடைசியாகப் பதிந்ததைத்தான் முதலில் பாடும். இத்தனை வருஷமும் எந்தச் செய்தி முந்தினாலும் ஒன்றுதான் என்று இருந்ததால், இந்தச் சின்ன விஷயம் ஆணையருக்குத் தெரியவில்லை, அக்காவுக்கும் நினைவில் இல்லை. வண்டிக்காரர் வழக்கம்போலச் சாயங்காலச் சுற்றுக்கு வண்டியை எடுத்தார். வழக்கம்போல ஆற்றங்கரையில் இருந்து தொடங்கினார்.

அலுவலகத்துக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அக்காவின் காதில் அவளுடைய குரலே வந்து விழுந்தது. 'ஆற்றுப் பாலம் கட்டப்படவில்லை என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.' ஐயோ என்று கத்தியது நினைவிருக்கிறது, ஓடியது நினைவில்லை என்று பிறகு சொன்னாள். கரைக்கு வந்தபோது பாலத்தின் மேல் கூட்டமான கூட்டம். வேலை முடிந்து திரும்புகிறவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர்கள், ரொட்டிக்காரர், எல்லோரும் போட்டது போட்டபடி நின்றிருந்தார்கள். அவர்கள் காலடியில் இருந்த காற்று இளகிக்கொண்டிருந்தது. கணுக்கால்வரை இறங்கியிருந்தார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால்வரை இறங்கினார்கள். யாரும் அலறவில்லை. அத்தனை பேருக்கும் பேயறைந்த முகம். கூட்டத்தின் நடுவே, வெள்ளைச் சீருடையில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மகள் நின்றாள்.

வண்டியை நிறுத்தச் சொல்லவோ, பொத்தானை அணைக்கச் சொல்லவோ அக்காவுக்குத் தோன்றவில்லை. தான் யாரிடம் சம்பளம் வாங்குகிறோம் என்பதும் தோன்றவில்லை. நேரே ஆற்றின் மேல் ஓடினாள். ஓடிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினாள். பாலம் கட்டி முடிக்கப்பட்டது, பாலம் திறந்திருக்கிறது, எல்லாரும் நடக்கலாம், நடங்க, நடங்க என்று கத்தினாள். பின்னால் ஒலிபெருக்கியில் அதே குரல் இல்லை, இல்லை, வருந்துகிறோம் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊர் ஒரு கணம் இரண்டு குரலையும் கேட்டது. பிறகு ஓடிவருகிறவளைப் பார்த்தது. முழங்காலில் நின்றவர்கள் கணுக்காலுக்கு ஏறினார்கள், கணுக்காலில் இருந்து மேலே வந்தார்கள். ரொட்டிக்காரர்தான் முதலில் சைக்கிளை உருட்டினார். மகளை எட்டிப் பிடித்தவள் அவள் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். அக்காவின் கழுத்தில் தொங்கிய நகராட்சி அடையாள அட்டை, நாடா அறுந்து நேராகக் கீழே விழுந்தது. தடுக்க ஒன்றுமில்லாமல் போய்த் தண்ணீரில் முழுகியது.

"அம்மா, நீ எதுமேல நிக்கிற?" என்றாள் மகள்.

அக்கா குனிந்து பார்த்தாள். செருப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெகு கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. மகளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பேசாம நட" என்றாள். இருவரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஆணையர் அவள்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. மறுப்புச் செய்தியைத் தாமே அழிக்கச் சொன்னார். அட்டையைத் தொலைத்ததற்கு விளக்கம் மட்டும் கேட்டார். ஆற்றில் விழுந்துவிட்டது என்று அவள் சொல்ல, அதை ஒப்புக்கொண்டார். அக்கா அதன் பிறகும் அதே அலுவலகத்தில்தான் படித்தாள். பாலத்தின் நடுவில் கூட்டமாக நின்று பேச வேண்டாம், சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளவும் என்றெல்லாம் படித்தாள். வேலை முடிந்ததும் புதிய அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, மகளை எதிர்கொண்டு அழைக்கப் பாலத்தின் பாதிவரை போவாள். ஆணையர் தம் பதவிக்காலம் முழுவதும் சுற்றுவழியில்தான் போய்வந்தார். ஓய்வுபெற்ற மறுநாள் காலை, காய்கறிப் பையோடு கரைக்கு வந்து கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காலை வைத்தார். எதிரே மகளை வேலைக்கு அனுப்பிவிட்டு அக்கா திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"செருப்பைப் போட்டுக்கங்க சார்," என்றாள். "வெயில் ஏறினா சுடும்."

அவர் போட்டுக்கொண்டு நடந்தார்.