மூணேகால் கிலோ

அந்தப் பெண்குழந்தை பிறந்தபோது மூணேகால் கிலோ இருந்தாள். டாக்டர் கையில், நர்ஸ் கையில், அப்பா கையில், அத்தை கையில் எல்லாம் அதே மூணேகால் கிலோதான். பெற்றவள் கையில் மட்டும் அவளுக்கு எடையே இல்லை. ஆஸ்பத்திரியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம், உடம்பு தேறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் பெற்றவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. பார்சல் ஆபீசில் எடை போடுகிற வேலை. மெஷின் மக்கர் பண்ணும் நாட்களில், அவள் கையில் தூக்கிப் பார்த்துச் சொன்ன எடைக்கே ரசீது போட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட கைக்குத் தன் பிள்ளையின் எடை தெரியவில்லை என்றால் அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்.

வீட்டில் கட்டிலைவிட்டு எழுவதே ஒரு வித்தையாக இருந்தது. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். பால் கொடுக்க மடியில் போட்டால் பிள்ளை மெல்ல மேலே கிளம்பும். அதனால் அந்த நேரத்தில் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்துவது வழக்கமாகிவிட்டது. ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனார் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வாய்தான் நீளம், மனசு தங்கம். "நீ குடுத்து வச்சவ. வலியே தெரியாம பெத்துட்ட. நான் ரெண்டு நாள் கத்தினேன்" என்றாள் ஒருநாள், பேச்சோடு பேச்சாக. அன்று பிள்ளை ஒரு முழம் கூடுதலாகவே மேலே போயிற்று.

புருஷன் தராசு ரிப்பேர் செய்கிறவன். ஊர்த் தராசையெல்லாம் நேராக்குகிறவனுக்கு வீட்டுக் கோளாறு பிடிபடவில்லை. யாரும் பார்க்காதபோது மனைவி அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. தொழில் புத்தி எங்கே போகும்? கடையிலிருந்து எடைக்கல்லாகப் பொறுக்கி வந்து, பிள்ளையைச் சுற்றுகிற துணியின் மடிப்பில் வைத்துத் தைத்து, ஒன்றும் அறியாதவன்போல் அவள் கையில் கொடுத்தான். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு கையை லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, இது இரும்பு."

"எது?"

"இருநூறு கிராம் கல்லு நாலு, அம்பது ஒண்ணு. அம்பது தேஞ்சுபோன கல்லு."

அவன் திருதிருவென்று விழித்ததில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும். தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தாள், வலித்தது, மறுபடி சிரித்தாள், அது எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் எங்கங்க பெத்தேன்? கண்ணு முழிச்சா பக்கத்துல கெடக்கு. யாரோ அனுப்பின பார்சல் மாதிரி. கையெழுத்து மட்டும்தான் நான் போட்டது."

அவன் யோசித்தான். "பார்சல் வாங்கறதுக்கு யாராவது வயித்தக் கிழிச்சுக் குடுப்பாங்களா?" என்றான்.

வாசலில் நின்று கேட்ட நாத்தனார், தன் வாயைத் தானே நொந்துகொண்டு, சுவர்க் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வந்தாள். "பாரு. இன்னும் ஒரு தடவைகூட நீ பாக்கல. நான் கத்தினதுக்கு அடையாளம் ஒண்ணும் இல்ல. உனக்கு இருக்கு." அடிவயிற்றில் கொஞ்சம் கோணலாக, சிவப்பாக ஒரு கோடு. தொட்டால் மரத்திருந்தது. "இது வழியாவா வந்தே?" என்று பெற்றவள் பிள்ளையைக் கேட்டாள். பிள்ளை கொட்டாவி விட்டது.

அன்று சாயங்காலம், கல்லையெல்லாம் பிரித்தெடுத்த துணியில் சுற்றிய பிள்ளைக்கு, அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழ எடை வந்தது. காயம் ஆற ஆற அது தேங்காய் எடையாயிற்று. சுவரைப் பிடிக்காமல் தெருமுனைவரை நடந்துபோய் வந்த நாளில் முழு எடையும் வந்து இறங்கியது. "கை கடுக்குதுங்க" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ஆனால் வந்த எடை போகவில்லை. பிள்ளையைத் தூங்கவைத்த பிறகும் இடது கையில் அப்படியே இருந்தது. வேலைக்குத் திரும்பியதும், அவள் அந்தக் கையை மெஷின்மேல் ஊன்றினால் பார்சலோடு பிள்ளையின் எடையும் சேர்ந்து விழுந்தது. ஆபீசில் அதைக் கழித்து ரசீது போடப் பழகிக்கொண்டார்கள். பிள்ளை வளர வளரக் கழிவும் கூடியது. இப்போது மகள் வேலைக்காக வெளியூரில் இருக்கிறாள். அம்மா அம்பது சொச்சம் கிலோவை இடது கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள், மாடிப்படி ஏறுகிறாள். சில மத்தியானங்களில், ரசீது போட்டுக்கொண்டிருக்கும்போதே கை கொஞ்சம் லேசானால், போனை எடுத்து, "ஏண்டி, ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடலையா?" என்பாள்.

"இப்பதாம்மா உக்கார்றேன்" என்பாள் மகள். எப்படித் தெரிந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.