மாடு மேலே வந்துருச்சா?

கோகிலவாணி செய்தி பார்க்க ஆரம்பித்தது பயத்தில்தான். கணவன் தனசேகர் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று ஊர் ஊராகப் போர்வெல் போட்டுவிட்டு, மழைக்காலத்துக்குத்தான் திரும்பும். போன வருடம் மழை முந்திக்கொண்டதில் அவன் இருந்த பக்கம் வெள்ளம் வந்து ஒரு பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சேதியே அவளுக்குப் பக்கத்து வீட்டு வசந்தாமணி வந்து சொல்லித்தான் தெரிந்தது. "உங்க ஊட்டுக்காரரு இருக்கற பக்கமாமே, போன் கீன் பண்ணுனாருங்களா?" என்று அவள் கேட்ட பிறகுதான் கோகிலவாணி போனைத் தேடி ஓடினாள். ஊருக்கே தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பது மனதில் முள்ளாய்த் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து விடாமல் பார்த்தாள். வெள்ளத்தைத் தேடிப் போனவளை யுத்தமும் தங்க விலையும் புதுக் காய்ச்சலும் பிடித்துக்கொண்டன. மிக்ஸியின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் தோசை ஊற்றுவாள். ஸ்கூல் குரூப், தெருக் குரூப், ரிக் குடும்பங்களின் குரூப் என்று எல்லாவற்றிலும் வந்து கொட்டியது. சின்னவன் நிலவனுக்கு இடது கால் ஷூவை வலது காலில் மாட்டி அனுப்பிய நாளும் உண்டு.

ஒரு காலையில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் வெண்ணிலா, அம்மா தலை பின்னிவிட்டுக்கொண்டிருக்க, அவளுடைய போனைப் பார்த்தாள். வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் பசுமாடு விழுந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் கயிறு இறக்குகிறார்கள். ஒரு பெண் தலையில் கை வைத்து அழுகிறாள். பெல்ட்டைக் கட்டி இழுக்கிறார்கள், மாடு அரைக் கிணறு வரைக்கும் வருகிறது. அவ்வளவுதான், அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

"மாடு மேல வந்துருச்சாங்கம்மா?"

"வந்துருக்கும் சாமி. தலைய ஆட்டாத."

"வந்துருக்குமா, வந்துருச்சாங்களா?"

கோகிலவாணியின் கை பின்னலில் நின்றது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. "தெரியலையே" என்றாள்.

அவள் கணக்கு எழுதுவது ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடையில். மதியம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மாட்டைத் தேடினாள். வீடியோ பல இடங்களில் கிடைத்தது. ஒன்றில் அது ராசிபுரம், இன்னொன்றில் கர்நாடகம். ஒருவர் காளை என்றார். 'கண் கலங்க வைக்கும் காட்சி' என்றார் இன்னொருவர். கீழே ஆயிரம் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். எல்லாம் அதே அரைக் கிணற்றில்தான் நின்றன. மாடு என்ன ஆயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. அவளுக்கு வியப்பாக இருந்தது. இத்தனை நாள் பார்த்ததில் எத்தனையின் முடிவு தனக்குத் தெரியும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

வீடியோவை மறுபடி ஓட்டியபோது கிணற்றுக்குப் பின்னால் மோட்டார் ரூம் தெரிந்தது. மஞ்சள் சுவரில் நீல எழுத்தில் போர்வெல் விளம்பரம். பெயர் பாதி மறைந்திருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அந்தப் போர்வெல் வண்டிக்கு மாதாமாதம் பில் போடுகிறவளே அவள்தான். வண்டியின் ஏஜெண்ட் மாரியப்பனுக்குப் போன் போட்டாள்.

"வெண்ணந்தூருக்கு அந்தாண்ட மஞ்சச் சுவத்துல எழுதிருக்கீங்களே, அது யாரு தோட்டமுங்க?"

"அது ராமாயி அக்கா தோட்டமுங்க. ஏனுங்க, அங்க போர் போடோணுமா?"

"இல்லீங்க. மாடு விழுந்துருச்சு."

"போர்ல எப்படிங்க மாடு விழும்?"

அவள் சிரித்துவிட்டாள். கடையில் அவள் சிரித்து நாளாயிற்று என்று பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மல்லசமுத்திரம் வழியாகப் போனாள். போகும்போதே வெட்கமாகவும் இருந்தது. துணி துவைக்கக் கிடக்கிறது, மாவு ஆட்டவில்லை, முன்பின் தெரியாதவர்களின் மாட்டை விசாரிக்கப் போகிறோமே என்று. ஆனாலும் வண்டியைத் திருப்ப மனம் வரவில்லை.

மஞ்சள் சுவரைத் தூரத்திலேயே வெண்ணிலா கண்டுபிடித்தாள். சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த ராமாயி அரிவாளோடு நிமிர்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது, உறுதியான உடம்பு.

"டீவிக்காரங்களா?"

"இல்லீங்க்கா. திருச்செங்கோட்டுல இருந்து வாரோம். மாடு மேல வந்துருச்சான்னு கேக்கலாம்னுதான்."

"அதுக்கா இவ்வளவு தூரம்?"

"பாப்பா கேட்டாளுங்க. எனக்கும் தெரியோணும்னு இருந்துச்சு."

ராமாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு, "வா அம்மிணி" என்று முன்னால் நடந்தாள்.

மாடு கட்டுத்தறியில் நின்று தட்டு மென்றுகொண்டிருந்தது. முன்னங்காலில் மஞ்சள் பூசிய கட்டு. வெண்ணிலா அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிலவன், "இது டீவி மாடா?" என்று கேட்டான்.

"அன்னிக்கு வந்து போன் புடிச்சவங்க எத்தனையோ பேரு" என்றாள் ராமாயி. "மறுநா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஆமா, நான் அழுதேன்னு டீவில வந்துச்சாமே? எங்கிட்ட அந்தப் போன் இல்ல. காட்டு, பாக்கலாம்."

கோகிலவாணி காட்டினாள். ராமாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அட, இது என் நாத்தனா. அவ சீரியலுக்கே அழுவா. நான் கெணத்துக்குள்ள இருந்தேன்."

"உள்ளயா?"

"பின்னே? கயிறக் கண்டு மெரண்டு ஒதைக்குது. என் கொரலு கேட்டாத்தான் நிக்கும்னு நானும் எறங்கிட்டேன். பாதி தூரம் வந்து பெல்ட்டு நழுவி மறுபடி தொப்புன்னு விழுந்துச்சு. கீழ சேறுங்கறதால பொழச்சுது." வீடியோ முடிந்து போன் திரை இருண்டது. "இவ்வளவுதானா? இதுக்கப்பறந்தான எல்லாமே நடந்துச்சு."

அந்த எல்லாவற்றையும் அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னாள். கரும்பு லோடுக்கு வந்திருந்த கிரேனைக் கெஞ்சிக் கூட்டிவந்தது, தீயணைப்பு வீரர் ஒருவரின் ஒற்றை ஷூ இன்னும் சேற்றுக்குள் கிடப்பது, மேலே வந்த மாடு முதல் வேலையாக நாத்தனாரை முட்டப் போனது. வெண்ணிலா கேள்விமேல் கேள்வி கேட்டாள். கோகிலவாணியும் கேட்டாள். பையில் போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை என்பதே வீடு திரும்பும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் தனசேகர் கூப்பிட்டான்.

"என்ன கோகிலா, இன்னைக்கு மழைச் செய்தி ஒண்ணும் அனுப்பல? ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க. ஏனுங்க, அங்க மழையா?"

"இங்க மண்டை பொளக்கற வெய்யிலு. நீ அனுப்பறதப் பாத்துட்டு நாந்தான் பயந்து கெடக்கறேன். நீ சொல்ற ஊரு எங்கியோ இருக்குது, நாங்க எங்கியோ இருக்கறோம்."

அவன் இருக்கிற மாநிலத்தின் மழையளவு முதல் தேர்தல் வரை அவளுக்குத் தெரியும். அவன் இப்போது எதன்மேல் உட்கார்ந்து பேசுகிறான் என்பது தெரியாது.

"நீங்க இருக்கற எடத்துல இப்ப என்னங்க தெரியுது?"

"என்ன தெரியுதுன்னா?"

"சும்மா சொல்லுங்க. கண்ணுக்கு முன்னால."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். கொண்டைக்கடலைக் காடு. நடுவில் ஒரு புளியமரம். போர் போடுவதைப் பார்க்கக் கட்டிலோடு வந்து உட்கார்ந்திருக்கிற ஒரு குடும்பம். நாக்பூரில் வண்டியில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிற ஒரு கறுப்பு நாய். வண்டியில் வேலை செய்கிற பையன்கள் அதற்குக் கம்ப்ரசர் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

"இதையெல்லாம் ஏனுங்க இத்தன நாளா சொல்லல?"

"நீ எப்பக் கூப்பிட்டாலும் பத்தரமா, பத்தரமான்னுதான கேட்ட. பத்தரம்னு சொன்னேன்."

அவள் பதில் சொல்வதற்குள் நாய் என்ற சொல் காதில் விழுந்து பிள்ளைகள் இருவரும் ஓடிவந்தார்கள். வெண்ணிலா போனைப் பிடுங்கி, நாய் எங்கே படுக்கும், அதற்கு இந்தி மட்டும்தான் புரியுமா என்று ஆரம்பித்துவிட்டாள்.

அதன்பிறகு கோகிலவாணி செய்தியை அடியோடு விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. தெருக் குரூப்பிலிருந்து வெளியே வந்தாள், வசந்தாமணி கோபித்துக்கொண்டதும் திரும்பச் சேர்ந்தாள். புயல் என்று கேள்விப்பட்டால் இப்போதும் கை போனுக்குப் போகும். ஆனால் மிக்ஸியின் மேல் இப்போது போன் இல்லை. ஏதாவது ஒரு செய்தி மனதைப் பிடித்தால், அதை மட்டும் சில நாள் விடாமல் துரத்துகிறாள். இந்த வாரம் மேட்டூரில் ஒரு மீனவர் வலையில் சிக்கிய பழைய பித்தளைக் குடம். யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. அணைப் பக்கம் வேலை பார்க்கிற ஒன்றுவிட்ட அண்ணன் ஜெயபிரகாஷிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். குடத்தில் ஏதோ பேர் வெட்டியிருக்கிறதாம்.